குறுக்கே நடந்த ராஜா

செஸ் பலகையில் நான்கே காய்களை வையுங்கள். 1921-இல் ரிச்சர்ட் ரேட்டி வெளியிட்ட புதிர் இது.

வெள்ளை ராஜா ஹெச் 8. வெள்ளைச் சிப்பாய் சி 6. கறுப்பு ராஜா ஏ 6. கறுப்புச் சிப்பாய் ஹெச் 5. முதல் நகர்வு வெள்ளைக்கு; ஆட்டத்தை டிரா செய்ய வேண்டும்.

பார்த்தவுடன் கைவிரிக்கத்தான் தோன்றும். கறுப்புச் சிப்பாய் ராணியாக ஓடுகிறது; வெள்ளை ராஜா அதைத் துரத்திப் பிடிக்க முடியாத தூரத்தில் நிற்கிறார். அவருடைய சிப்பாயோ கறுப்பு ராஜாவின் கைக்கெட்டும் தொலைவில்.

ராஜாவை நேரே இறக்காதீர்கள். ஜி 7, எஃப் 6, இ 5 என்று குறுக்காக நடத்துங்கள். நேரே ஹெச் 5-க்கு இறங்கவும் மூன்று நகர்வு, குறுக்கே இ 5-க்கு வரவும் அதே மூன்று நகர்வுதான். அந்த ஒரு கணக்கில்தான் இந்தப் புதிரின் அழகெல்லாம் இருக்கிறது. கறுப்பு ராஜா பி 6-க்கு வந்து, அடுத்துச் சிப்பாயை வெட்டினால், வெள்ளை ராஜா எஃப் 4-க்குப் போய் எதிரிச் சிப்பாயை மடக்கிவிடுவார். கறுப்பு ராஜா வெட்டாமல், கறுப்புச் சிப்பாய் ஓடினால், வெள்ளை ராஜா டி 6-க்குப் போய்த் தன் சிப்பாய்க்குத் துணை நிற்பார். இரு பக்கமும் ராணி வந்துவிடும்.

கறுப்பு ராஜா நகராமல், தொடக்கத்திலிருந்தே சிப்பாய் மட்டும் ஓடினால்? அப்போது எஃப் 6-இலிருந்து இ 7. மிச்சத்தைக் காய்களைத் தொடாமல், மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள்.