ஹானலே என்னும் கடற்கரைச் சிற்றூர்

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவேயுள்ள ஹவாயித் தீவுகளில் கவாயி என்பதும் ஒன்று. அத்தீவின் வடகரையில், பிறைபோல் வளைந்த குடாவொன்றின் ஓரத்தே, பசிய மலைகளின் அடியில் அமைந்துள்ளது ஹானலே என்னும் சிற்றூர்.

அங்குச் செல்வோர் 1912-ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற ஓர் இரும்புப் பாலத்தைக் கடத்தல் வேண்டும். அஃது ஒற்றை வழியே உடையது. ஐந்தாறு வண்டிகள் சென்றபின், எதிர்க்கரையினர்க்கு வழிவிட்டு நிற்றல் அவ்வூரார் மரபு. விரைந்து வந்தவனுக்கு அவ்வூர் புகட்டும் முதற்பாடம் பொறுமையேயாம்.

பாலத்தைக் கடந்தால் நீர் ததும்பும் சேம்பு வயல்களைக் காணலாம். சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்து, நீர் கலந்து பிசைந்த 'போய்' என்னும் களியே ஹவாயி மக்களின் தொன்மையான உணவு. அருகி வரும் நீர்ப்பறவைகளைக் காக்கும்பொருட்டு 1972-இல் இங்கு ஒரு சரணாலயம் ஏற்பட்டது. அதனுள் உழவர் சேம்பு பயிரிட, அவ்வயல்களிலேயே பறவைகள் இரைதேடுகின்றன. கடலோவெனில் கோடையில் அடங்கியும் குளிர்காலத்திற் பேரலைகளோடு பொங்கியும் நிற்கும்.

இத்துணைப் பசுமைக்குக் காரணம் யாது? வடகிழக்கிலிருந்து வீசும் ஈரக்காற்று மலைகளில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து மழையாகப் பொழிகின்றது. தீவின் நடுவிலுள்ள வையாலியாலே என்னும் சிகரத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 10 மீட்டர் மழை பெய்யும். பெருமழைக்குப்பின் ஹானலேயில் நின்று நோக்குவார்க்கு, மலைச்சரிவெங்கும் அருவிகள் வெள்ளிக் கம்பிகளெனத் தோன்றும்.

வளந்தரும் அம்மழையே சிலவேளை இடரும் விளைக்கும். 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 14, 15 தேதிகளில், ஹானலேயை அடுத்த வைப்பாவில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குல மழை பெய்தது. ஐக்கிய அமெரிக்க நாடு அதுகாறும் கண்டிராத அளவு அது. வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. மலை சரிந்து, ஹானலேக்கு அப்பாற் செல்லும் பாதை அடைபட்டது. 2019 ஜூன் மாதத்திலேதான் அப்பாதை மீண்டும் யாவர்க்கும் திறக்கப்பட்டது.

அப்பொழுது ஒரு புதிய நியதியும் பிறந்தது. பாதையின் கோடியிலுள்ள ஹாயேனாப் பூங்காவிற்கு நாளொன்றுக்கு 900 யாத்திரிகரே செல்லலாமென வரையறை செய்தனர். முன்னர் அங்கு மிதமிஞ்சிய கூட்டம் திரண்டு, நிலமும் ஊராரும் நலிந்தமையே இதன் காரணம். அழகிய இடங்கள் பகையால் மட்டுமன்றி, அளவிறந்த அன்பாலும் அழியக்கூடும். ஆதலின் அத்தகைய ஊருக்குச் செல்வோர், குறுகிய பாலத்தைக் குறையென்று கருதாது, தம் முறை வருமளவும் காத்து நிற்பாராக.