கண் மருத்துவமும் கிராமமும் : விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு சிந்தனை

தமிழ்நாட்டில் கண் மருத்துவப் பணி கடந்த நூறாண்டுகளில் மூன்று நிலைகளைக் கண்டுள்ளது. முதலாவது, நோயாளி மருத்துவமனையைத் தேடிச் சென்ற நிலை. இரண்டாவது, மருத்துவர் முகாம் அமைத்துக் கிராமத்திற்கு வந்த நிலை. மூன்றாவது, கிராமத்திற்கு அருகிலேயே நிலையானதொரு சிறு பரிசோதனை நிலையம் அமைந்து, அது பெரிய மருத்துவமனையோடு இணைக்கப்படும் நிலை. இம்மூன்றாம் நிலை ஏன் தேவைப்பட்டது, அது எவ்வாறு இயங்குகிறது, சபைகளைக் கண்காணிக்கும் நமக்கு அதில் உள்ள பங்கு யாது என்பவற்றை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நோயின் இயல்பு

நம் நாட்டில் பார்வை இழப்பிற்குத் தலையாய காரணம் கண்புரை ஆகும். கண்ணினுள் உள்ள இயற்கை லென்ஸ் முதுமையினால் மங்கி, ஒளியைத் தடுத்துவிடுவதே கண்புரை. 2015 முதல் 2019 வரை நடைபெற்ற தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதிற்கு மேற்பட்டோரிடையே காணப்படும் பார்வையின்மையில் 66.2 விழுக்காடு கண்புரையால் விளைந்ததாகும். மருந்தினாலோ உணவினாலோ இது நீங்காது. அறுவை மருத்துவம் ஒன்றே வழி. அவ்வறுவையோ சில நிமிடங்களில் முடிந்துவிடுவது. ஆகவே நம் கிராமங்களில் பார்வையற்றவராய்த் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோருள் பெரும்பாலோர் திரும்பப் பார்வை பெறக்கூடியவர்களே என்பதை நாம் முதலாவது மனத்தில் கொள்ள வேண்டும்.

முற்காலத்தில் மங்கிய லென்ஸை அகற்றிவிட்டுத் தடித்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்பினர். அக்கண்ணாடி உடைந்தால் அல்லது தொலைந்தால் நோயாளி பழைய நிலைக்கே திரும்பினார். இன்று விழிக்குள்ளேயே செயற்கை லென்ஸ் பொருத்தப்படுவதால் அக்குறை நீங்கிவிட்டது.

ஆனால் கண் நோய் கண்புரையோடு முடிவதில்லை. நீரிழிவினால் விழித்திரை கெடுவதும், கண்ணின் உள் அழுத்தம் மிகுந்து நரம்பு பாழாவதும் தொடக்கத்தில் நோவு தருவதில்லை; நோயாளி உணரும்பொழுது இழந்த பார்வை திரும்புவதில்லை. நெற்கதிரோ கரும்புத் தோகையோ கண்ணில் பட்டுக் கருவிழியில் புண் உண்டானால், அதற்கான காலம் நாட்கணக்கில்தான் உண்டு. நாற்பது வயதைக் கடந்த தையற்காரருக்கும் பூக்கட்டும் பெண்ணுக்கும் கிட்டப்பார்வைக் கண்ணாடி ஒன்று கிடைக்காவிடில் பிழைப்பே குன்றுகிறது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு விதமான உதவியை வேண்டி நிற்பவை.

2. திருச்சபையின் முன்னோடிப் பணி

இப்பணியில் திருச்சபைக்கு நீண்ட வரலாறு உண்டு. திருச்சிராப்பள்ளியில் ஜோசப் கண் மருத்துவமனை 1934-இல் தொடங்கப்பெற்றது. 1947-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் விக்டர் ராம்போ, மருத்துவரும் செவிலியரும் கருவிகளோடு கிராமங்களுக்குச் சென்று அறுவை செய்யும் முகாம் முறையைப் பரப்பியவர்களுள் ஒருவர். மருத்துவமனைக்கு வர இயலாதவரிடம் மருத்துவமனையே செல்ல வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது. 1976-இல் நடுவண் அரசு பார்வையின்மைத் தடுப்புத் தேசியத் திட்டத்தைத் தொடங்கியபின் முகாம்கள் நாடெங்கும் பெருகின.

எனினும் வெளிநாட்டு உதவி குறைந்தபொழுது நம் மிஷன் மருத்துவமனைகளுட் பல தளர்ந்தன, சில மூடப்பட்டன. இரக்கம் குறைந்ததனால் அன்று. இரக்கத்தைத் தாங்கி நிற்கும் பொருளாதார அடிப்படை உள்ளூரில் அமையாததனாலேயே இந்நிலை நேர்ந்தது. இதனை மனத்திற்கொண்டு அடுத்த பகுதியைக் காண்போமாக.

3. அரவிந்த் மருத்துவமனைகளின் முறை

அரசுப் பணியிலிருந்து தம் 58-ஆம் வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையிலேயே முடக்குவாதத்தினால் விரல்கள் கோணிப்போன இவர், அவ்விரல்களாலேயே ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர், 2006-இல் மறைந்தார். அவர் தொடங்கிய பணி தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களுக்குப் பரவி, 2003-இல் புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்திலும், 2017-இல் சென்னையிலும் மருத்துவமனைகளைக் கண்டது. இது திருச்சபையைச் சார்ந்த நிறுவனமன்று. ஸ்ரீ அரவிந்தரின் பெயரைத் தாங்கியது. ஆயினும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை இதில் பல உள.

முதலாவது, பணம் செலுத்தக்கூடியவரிடமிருந்து பெறும் வருவாயே செலுத்த இயலாதவரின் மருத்துவத்தைத் தாங்குகிறது. இலவசப் பிரிவினர் பொது அறையில் பாயில் படுப்பர். கட்டணப் பிரிவினருக்குத் தனி அறை உண்டு. ஆனால் அறுவை செய்யும் மருத்துவர்கள் இரு பிரிவிலும் மாறிமாறிப் பணியாற்றுகின்றனர். இலவசப் பிரிவிற்குச் செல்ல விரும்புவோரிடம் ஏழ்மைச் சான்று கேட்கப்படுவதில்லை. எப்பிரிவு என்பதை நோயாளியே தெரிந்துகொள்கிறார். உதவி பெறுவதற்கு முன் வறுமையை மெய்ப்பிக்கும்படி கேட்பது நம் தரும நிதிகள் பலவற்றில் வழக்கமாயிருக்கிறது. இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்கு நலம் பயக்கும்.

இரண்டாவது, வேலைப் பங்கீடு. கிராமப்புறங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்து வரும் இளம் பெண்களுக்கு ஈராண்டுப் பயிற்சி அளித்து, பார்வை அளத்தல், நோயாளியை ஆயத்தம் செய்தல் முதலிய பணிகளை அவர்களிடம் ஒப்படைக்கின்றனர். அறுவைக்கூடத்தில் மருத்துவர் ஒருவருக்கு இரண்டு மேசைகள் உண்டு. ஒன்றில் அறுவை நடக்கையில் மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தமாயிருப்பார். இதனால் மருத்துவரின் நேரம் வீணாவதில்லை, செலவும் குறைகிறது. அறுவைக்குப் பின் நேரும் சிக்கல்கள் பதிவு செய்யப்பட்டு ஆராயப்படுவதால் விரைவு தரத்தைக் கெடுப்பதில்லை.

மூன்றாவது, கருவிகளின் விலை. 1990-களின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கை லென்ஸின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. ஏழைக்கு அது எட்டாக்கனி. 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை நிறுவி, 10 டாலருக்கும் குறைந்த விலையில் லென்ஸைத் தயாரிக்க வழிசெய்தனர். அதன்பின் இலவச நோயாளியும் செயற்கை லென்ஸ் பெறுவது இயல்வதாயிற்று.

4. முகாமின் எல்லை

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் ஒரு வினா எஞ்சியது. முகாமிற்கு வருவோர் யார்? வராதோர் யார்? மதுரைப் பகுதிக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஓர் ஆய்வு இதனை ஆராய்ந்தது. கண்ணில் குறையுள்ள பெரியவர்களுள் முகாமிற்கு வந்தவர்கள் 7 விழுக்காட்டிற்கும் குறைவு என்று அது கண்டது. மருத்துவம் இலவசம், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப் பேருந்தும் உண்டு, உணவும் தங்குமிடமும் உண்டு. அவ்வாறிருந்தும் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் வரவில்லை!

காரணங்களை நாம் அறிவோம். கண்ணில் கத்தி வைப்பர் என்னும் அச்சம். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை. உடன் வருபவர் கூலி இழக்க நேரிடுதல். இவற்றோடு, "வயசாயிடுச்சு ஐயரே, இனிமே கண்ணு தெரிஞ்சு என்ன ஆவப்போவுது" என்று முதியோரே சொல்லும் சொல் ஒன்று உண்டு. பெண்களிடம், அதிலும் கைம்பெண்களிடம், இச்சொல்லை மிகுதியாகக் கேட்கிறோம். தன் கண்ணிற்காகக் குடும்பம் ஒரு நாள் கூலியை இழக்கலாகாது என்பதே அதன் உட்பொருள்.

மேலும் முகாம் ஒரு நாள் நிகழ்ச்சி. கண்புரை அதுவரை காத்திருக்கும். கருவிழிப் புண் காத்திராது. நீரிழிவு நோயாளியை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். முகாம் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடும்.

5. நிலையான பார்வை மையம்

இக்குறையை நீக்கவே 2004 முதல் பார்வை மையங்கள் தோன்றின. சிற்றூர்க் கடைவீதியில் ஒரு சிறு கட்டடம், அதில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர் ஓரிருவர், பார்வை அளக்கும் அட்டை, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவி, கண்ணாடி விற்பனை, இவையே மையம். பணியாளர் சோதித்துக் குறிப்பெழுதுவார். பெரிய மருத்துவமனையிலுள்ள மருத்துவர் இணையத்தின் வழியே நோயாளியோடு முகம் பார்த்துப் பேசி முடிவு கூறுவார். பெரும்பாலோருக்குத் தேவையான கண்ணாடியோ மருந்தோ அவ்விடத்திலேயே கிடைத்துவிடும். அறுவை வேண்டியவர் மட்டும் அனுப்பப்படுவார். இன்று இத்தகைய மையங்கள் 100-க்கும் மேல் உள்ளன.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திற்கு இது எவ்வாறு பொருந்தும்? முன்னர்த் தரமான கண் மருத்துவத்திற்குச் சென்னைக்கோ வேலூருக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டியிருந்தது. விழுப்புரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 2003-க்குப் பின் புதுச்சேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் அமைந்தது. 2010-இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. விழுப்புரம் ஐந்து திசைகளிலிருந்து இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பு. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் மரக்காணத்திற்கும் சாலைகள் பிரிகின்றன. எனவே நெடுஞ்சாலையோரத்தில் வாழ்வோருக்கு மருத்துவம் அருகில் வந்துவிட்டது எனலாம். ஆனால் செஞ்சி மலையடிவாரத்திலோ மரக்காணம் உப்பளத்திலோ வேலைசெய்யும் கூலியாளுக்கு, இரண்டு பேருந்து மாறிச் செல்லும் 40 கிலோமீட்டர் ஒரு முழு நாளாகும். உடன் வருபவரைச் சேர்த்தால் இரண்டு நாட்கூலியாகும். தூரத்தைக் கிலோமீட்டரால் அன்று, இழக்கும் கூலியால் அளப்பதே முறை. அக்கணக்கில் தூரத்தைக் குறைப்பதற்கு, பெருமருத்துவமனைகளைப் பெருக்குவதைவிடச் சிறு மையங்களைப் பெருக்குவதே ஏற்ற வழி எனத் தோன்றுகிறது.

6. ஆயரின் பங்கு

எரிகோவின் வழியருகே இருந்த பர்த்திமேயு தானே கூப்பிட்டான். பிறர் அதட்டியும் நிறுத்தவில்லை. நம் கிராமத்து முதியோரோ கூப்பிடுவதில்லை. எத்துணைச் சிறந்த மருத்துவமனையாயினும் கூப்பிடாதவரின் வீட்டு வாசலை அது தானாக அறியாது. அவ்வாசலை அறிந்தவர் வீடு சந்திக்கும் ஆயரே. ஆகவே நாம் புதிய மருத்துவமனை கட்ட வேண்டுவதில்லை. பின்வருவனவற்றைச் செய்தல் போதும்.

(அ) வீடு சந்திக்கையில் முதியோரை ஒவ்வொரு கண்ணாக மூடச்செய்து, 3 மீட்டர் தொலைவில் நின்று நம் விரல்களை எண்ணச் சொல்லலாம். நன்றாய்ப் பார்க்கும் கண்ணாலும் எண்ண இயலாதவர் தேசியக் கணக்கெடுப்பின் வரையறைப்படி பார்வையற்றவராவார். எண்ணிவிட்டவர் யாவரும் நலமுடையோர் என்று கொள்ளலாகாது. ஐயமுள்ள எவரையும் அனுப்ப வேண்டும்.

(ஆ) சபை வாலிபர் சங்கம் உடன் செல்வோரை ஏற்படுத்தலாம். உடன் செல்ல ஆளின்மையே பலரைத் தடுக்கிறது. முன்னரே அறுவை செய்துகொண்ட ஒருவர் உடன் சென்றால் அச்சமும் நீங்கும்.

(இ) கண்ணில் அடிபட்டால் பச்சிலைச் சாறு பிழிவதும் தாய்ப்பால் விடுவதும் கேடு என்பதைப் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் எடுத்துரைக்க வேண்டும். நீரிழிவுள்ளவர் பார்வை நன்றாயிருந்தாலும் ஆண்டிற்கொருமுறை விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்த வேண்டும்.

(ஈ) மரண வீட்டிற்கு முதலாவது அழைக்கப்படுவோருள் ஆயரும் ஒருவர். இறந்தபின் 6 மணி நேரத்திற்குள் கருவிழி தானமாக எடுக்கப்பட வேண்டும். அவ்வேளையில் இதைப் பற்றிப் பேசத் தகுந்தவர் நாமே. ஆனால் துக்கத்தின் நடுவில் முதன்முறையாகப் பேசுவது கடினம். முன்னரே சபையில் போதித்திருத்தல் வேண்டும்.

நம் முன்னோர் மருத்துவமனையைக் கிராமத்திற்குக் கொண்டுசென்றனர். இன்று மருத்துவமனை கிராமத்தின் அருகே வந்துவிட்டது. எஞ்சியிருப்பது திண்ணைக்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் இடைப்பட்ட தூரமே. அதைக் கடக்க ஒருவர் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். அதற்குப் பட்டமோ நிதியோ தேவையில்லை. நம் சபையில் கண் தெரியாதிருப்பவர் யார் யார் என்று அறிந்திருத்தலே தேவை. இவ்விதழை வாசிக்கும் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் தத்தம் சபைகளில் இன்றே அப்பட்டியலை எழுதத் தொடங்குவார்களாக.