உஷார்! ஜாமெட்ரி பாக்ஸில் மாத்திரை அட்டை

ஜூன் 26 வந்துவிட்டால் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ஊர்வலம். சர்வதேச போதை ஒழிப்பு நாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை பிள்ளைகள் வெயிலில் பதாகை பிடித்து நடப்பார்கள். அதிகாரி கொடியசைப்பார், உறுதிமொழி வாசிக்கப்படும், ஜூஸ் பாக்கெட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தப் பதாகைகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மண்டை ஓடு, சிகரெட், கஞ்சா இலை, மது பாட்டில் எல்லாம் இருக்கும். மாத்திரை அட்டையின் படம் மட்டும் அபூர்வம்.

ஆபத்து இன்றைக்கு அந்த அட்டையில்தான் வருகிறது. தயவுசெய்து இதை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள்.

டேபென்டடால் என்றொரு வலி நிவாரணி. கடுமையான வலிக்கு டாக்டர்கள் எழுதித் தருவது. அபினைப் போலவே மூளையில் வேலை செய்வது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இதை ஆன்லைனில் மொத்தமாக வரவழைத்துச் சில்லறையாக மாணவர்களுக்கு விற்ற கும்பல்களை நம் போலீஸ் சில ஆண்டுகளாகவே ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதே ரகத்தைச் சேர்ந்த டிரமடாலை 2018இல் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஒன்றை இறுக்கினால் இன்னொன்றைத் தேடிப் பிடிப்பதில் வியாபாரிகளுக்கு அதிக நாள் ஆவதில்லை.

வாயில் நாற்றம் இல்லை, சட்டையில் புகை வாடை இல்லை. அதனால்தான் அம்மாவுக்குத் தெரிவதில்லை. இன்னும் கொடுமை, சில பிள்ளைகள் இதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். வயிற்றுக்குள் போவதற்காகச் செய்த மாத்திரையில் மாவும் டால்க் பொடியும் கலந்திருக்கும். ரத்தத்தில் அது கரையாது; நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். ஏற்றிய இடம் சீழ்பிடிக்கும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக்கொண்டால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் சேர்ந்தே வரும்.

கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பையன், முழங்கை மடிப்பில் ஊசித் தடம், சாப்பாட்டு நேரத்தில் தூங்கி விழுவது, வெளிச்சம் குறைந்த அறையிலும் ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி, ஜாமெட்ரி பாக்ஸில் காலி அட்டை. இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தாலும் உட்கார்ந்து பேசுங்கள். அடிக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை இன்னும் கவனமாக மறைப்பான், அவ்வளவுதான்.

வகுப்பில் போய்ப் பயமுறுத்திவிட்டு வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘டேர்’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். சீருடைப் போலீஸ்காரரே வகுப்புக்கு வந்து பாடம் எடுப்பார். நாடு முழுக்கப் பரவியது, கோடிக்கணக்கான டாலர் செலவானது. பிறகு ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பிள்ளைகளையும் மற்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டால், போதைப் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. கடைசியில் அந்தப் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. நம்மிடமும் 2022 ஆகஸ்ட் 11 அன்று மாநிலமெங்கும் மாணவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். பள்ளி, கல்லூரிகளில் போதை எதிர்ப்பு மன்றங்கள் அமைந்தன. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த மன்றம் வருஷத்துக்கு ஒரு ஓவியப் போட்டியோடு நின்றால் பிள்ளைகளைக் காப்பாற்றாது. மனநல மருத்துவரைக் கூப்பிடுங்கள். கூட்டாளி நீட்டும்போது எப்படி மறுப்பது என்று பிள்ளைகளைப் பேசவைத்துப் பழக்குங்கள்.

போலீஸ் வந்து பேசும்போது எதைச் சொல்ல வேண்டுமோ, அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். இது தெரியாததால், “வெளியே தெரிந்தால் கேஸாகிவிடும்” என்று வீட்டுக்குள்ளேயே பிள்ளையைப் பூட்டிவைக்கும் குடும்பங்கள் எத்தனை!

இன்னொன்று. “இந்தக் கவரை அங்கே கொடுத்துட்டு வாடா தம்பி” என்று சின்னப் பிள்ளைகளைத் தூதாக அனுப்புகிறார்கள். போதைப்பொருளைக் கடத்தக் குழந்தையைப் பயன்படுத்துபவருக்கு, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். உங்கள் பிள்ளையிடம் இன்றே சொல்லிவையுங்கள்: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொட்டலத்தை யாருக்காகவும் கையில் வாங்காதே.

விற்பவர்களைப் பற்றிப் புகார் செய்ய 10581. பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை கேட்க 14446. இரண்டும் வேறு வேறு; குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிள்ளை எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். இந்த வகை மருந்துக்கு நலோக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. ஆனால் என்ன எடுத்தான் என்று தெரிந்தால்தான் டாக்டர் சட்டென்று அதைப் போட முடியும். மானம் போகுமே என்று மறைக்காதீர்கள். பையில் கிடக்கும் காலி அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.