மேற்கு பார்த்துச் சொன்ன வாக்கு

ஞானஸ்நானம் என்றால் எல்லோர் கண்ணும் தண்ணீரின் மேல்தான். அதற்குச் சற்று முன் குருவானவர் கேட்ட கேள்விகளும், ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் முணுமுணுத்த பதில்களும் யார் நினைவிலும் நிற்பதில்லை. பழைய சபைகளின் சடங்கில் அந்தக் கேள்விகளின் வரிசையைக் கவனித்தால் ஒன்று தெரியும். விசுவாசிக்கிறாயா என்பது இரண்டாவதாகத்தான் வருகிறது. முதல் கேள்வி, விட்டுவிடுகிறாயா என்பது. சாத்தானையும் அவன் செயல்களையும் அவன் ஆடம்பரங்களையும் கைவிடச் செய்த பிறகுதான் சடங்கு திரித்துவத்தைப் பற்றிப் பேச்செடுக்கிறது. கிறிஸ்தவராவதற்குக் கொடுக்கும் வாக்கின் பாரம் முழுவதும் இந்த முதல் பாதியில் இருக்கிறது என்பதே என் வாதம். விடவேண்டியதற்கு ஒரு பெயர் இருந்த காலங்களில் அந்த வாக்கு உயிரோடு இருந்தது. பெயர் மங்கியபோது அது வெறும் வாய்ப்பாடாயிற்று.

இதற்கான மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று கிறிஸ்தவர்களிடமிருந்து வரவில்லை. கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடகரையில் ஆளுநராக இருந்த பிளினி, தான் விசாரித்த கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசர் திராயானுக்கு எழுதினார். விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைக் கேட்கும்போது இல்லையென்று சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. அந்தச் சத்தியத்துக்கு அவர் எழுதிய லத்தீன் சொல் சாக்ரமெந்தும். ரோமப் படைவீரன் தளபதியிடம் செய்யும் பிரமாணத்துக்கும் அதே சொல்தான். பின்னாளில் திருச்சபை தன் அருளடையாளங்களுக்கெல்லாம் அதையே பெயராக்கிக்கொண்டது.

நான்காம் நூற்றாண்டு எருசலேமில் இந்தக் கைவிடல் கண்ணால் காணும் காட்சியாகவே நடந்தது. ஞானஸ்நானம் பெறுகிறவர் முன்மண்டபத்தில் இருளின் திசையான மேற்கைப் பார்த்து நின்று, கையை நீட்டி, சாத்தான் எதிரே நிற்பதுபோல் அவனிடமே உன்னை விட்டேன் என்று சொல்வார். பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிடுவார். ஆயர் சிரில் பெயரில் வழங்கும் உரைகள் சாத்தானின் ஆடம்பரமும் அவனுக்குச் செய்யும் வழிபாடும் எவை என்பதைப் பூடகமாக விடுவதில்லை. நாடகக் கொட்டகை, குதிரைப் பந்தயம், மிருக வேட்டைக் காட்சி. ஊற்றங்கரையில் விளக்கேற்றுவது, பறவைச் சகுனம், குறி கேட்பது, தாயத்து கட்டுவது. நம்மூர் வாசகருக்கு உரையாசிரியர் தேவையில்லாத பட்டியல். ஹிப்பொலித்துவின் பெயரில் வழங்கும் இன்னொரு பழைய சபை ஒழுங்கு இன்னும் கறார். சிலை செய்கிறவர், கிளாடியேட்டர், நடிகர் ஆகியோர் தொழிலை விட்டால்தான் போதனைக்கே சேர்ப்பார்கள். அந்தப் போதனை மூன்று ஆண்டு. வாக்கு இவ்வளவு கனமாக இருந்த காலத்தில்தான் பேரரசர் கான்ஸ்தந்தீன் 337-இல் மரணப் படுக்கை வரை ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டார். அவரது பக்தி எத்தகையது என்பது வேறு கதை. வாக்கின் எடை அவருக்குத் தெரிந்திருந்தது.

பெயர் சொல்லி விடச் சொல்வது அடுத்தவன் தெய்வத்தை மிதிப்பதில்லையா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பழைய சாக்ஸன் மொழி ஏடு, துனேர், வோடன், சாக்ஸ்நோட் என்று மூன்று தெய்வங்களின் பெயரைச் சொல்லி அவர்களைக் கைவிட வைக்கிறது. அதே காலத்தில் சார்லமேனின் சட்டம், ஞானஸ்நானத்துக்கு மறுத்து ஒளிந்திருக்கும் சாக்ஸனுக்கு மரண தண்டனை விதித்தது. அங்கே வாக்கைக் கெடுத்தது வாள். விசுவாசத்துக்கு மனிதனை இழுக்கலாம், தள்ள முடியாது என்ற பொருளில் அந்த மன்னனுக்கு நெருங்கிய அறிஞர் ஆல்குயினே கண்டித்து எழுதினார். மிரட்டிப் பெற்றது வாக்கே ஆகாது என்பதற்கு வெளியிலிருந்து ஆள் தேடவேண்டியதில்லை.

குழந்தை ஞானஸ்நானம் இதைவிடக் கடினமான ஆட்சேபம். பேசத் தெரியாத பிள்ளை எதை விட முடியும்? 1525-இல் சூரிச்சில் சிலர் இதைக் கேட்டு, வளர்ந்தபின் தாங்களே மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். குழந்தைக்குப் பெற்றோர் கடன் சுமக்கலாம், ஞானப்பெற்றோர் வாக்குச் சுமக்கலாம் என்பது பழைய சபைகளின் பதில். திடப்படுத்தல் வேளையில் பிள்ளை அதைத் தன் வாயால் ஏற்றுக்கொள்ளும். பதில் தவறில்லை. ஆனால் சுமக்கிறவருக்குச் சுமை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் அந்தச் சுமைக்கு ஒரு பெயர் உண்டு: சாதி. மதுரைக்கு 1606-இல் வந்த கத்தோலிக்க மிஷனரி ராபர்ட் தெ நோபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்கள்தான், விக்கிரக வழிபாடல்ல என்று வாதாடினார். 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவற்றை நிபந்தனையோடு அனுமதித்தார். 1850-இல் சென்னையில் கூடிய புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் நேர் எதிராக முடிவெடுத்தார்கள். சாதியை விட்டதைக் காட்டாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை. எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்பதே அதற்குச் சோதனை. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதற்கு உடன்படவில்லை. சாதி சமூக வழக்கம், அதை மெல்லத்தான் கரைக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். நோபிலியின் பார்வையில் நியாயம் இருந்தது. ஒருவன் தன் பண்பாட்டைக் கழற்றிப்போட்டுத்தான் கிறிஸ்தவனாக வேண்டும் என்பதில்லை. ஆனால் சந்தனம் வேறு, பக்கத்து மனிதன் சமைத்த சோற்றைத் தொடமாட்டேன் என்பது வேறு. முன்னதை வைத்துக்கொள்ளலாம் என்ற இடத்தில் பின்னதும் ஓசையில்லாமல் உள்ளே நுழைந்துவிட்டது. வடக்கன்குளம் என்ற ஊரில் இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காணும்படி கோயிலையே இரு கால்களாகப் பிரித்துக் கட்டினார்கள். 1910-இல் ஆயர் தடுப்பை இடித்தபோது, தனியிடம் எங்கள் உரிமை என்று ஒரு தரப்பு நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை.

இதில் ஒரு விநோதம், வாக்கை எழுத்துக்கு எழுத்து நம்பியது திருச்சபையைவிட அரசாங்கம்தான். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் பெரும்பாலும் இந்துக்களுக்கே உரியதாக இருந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை சேரவில்லை. மதம் மாறியபின்னும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபித்தாக வேண்டும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஞானஸ்நானம் பெற்ற தலித்துக்குத் தாசில்தார் அலுவலகச் சான்றிதழில் பட்டியல் சாதி போய், பிற்படுத்தப்பட்டோர் என்று வந்துவிடும். அவர் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச்சுவர் இருந்தால், அது இருந்த இடத்திலேயே இருக்கும்.