தமிழ்நாடு முழுவதும் மின்சாரத்தில் ஓடுமா?

சென்னை வீதியில் ஒரு வண்டி ஓடியது. குதிரை இல்லை. மாடு இல்லை. புகையும் இல்லை. ஆனால் வண்டி ஓடியது!

ஜனங்கள் ஓடிவந்து பார்த்தார்கள். தள்ள ஆள் இல்லாமல், இழுக்க மிருகம் இல்லாமல் வண்டி எப்படிப் போகிறது என்று வியந்தார்கள்.

அதுதான் டிராம் வண்டி. 1895-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி அது ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் நம் சென்னையில்தான் ஓடியது.

நூற்று முப்பது வருஷம் கடந்துவிட்டது. இன்று ஒரு பெரிய கேள்வி எழுந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஓடும் ரெயில், பஸ் எல்லாவற்றையும் மின்சாரத்திலேயே ஓட்ட முடியுமா? அதற்கு என்னென்ன திட்டம் வேண்டும்?

இதற்குப் பதில் தேடினால், முதலில் அந்தப் பழைய டிராமிடம்தான் போகவேண்டியிருக்கிறது.

மழை கற்றுத் தந்த பாடம்

டிராமுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது, தெரியுமா? இப்போது நாம் பார்ப்பதுபோல் தலைக்கு மேலே கம்பி இல்லை. தரைக்குள் பள்ளம் வெட்டி, அதற்குள் மின்கம்பியைப் போட்டிருந்தார்கள். வண்டியிலிருந்து ஒரு துண்டு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும்.

பார்க்க அழகான ஏற்பாடு. வீதியில் கம்பம் இல்லை, கம்பி இல்லை.

ஐப்பசி வந்தது. சென்னை மழையைப் பற்றிச் சொல்லவேண்டுமா? பள்ளம் முழுவதும் தண்ணீர்! சில மழைக்காலங்களைப் பார்த்த பிறகு, கம்பியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்கள்.

திட்டம் போட்டவர்கள் நல்ல என்ஜினீயர்கள்தான். ஆனால் ஊரின் மழையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறகு டிராம் பல வருஷம் நன்றாக ஓடியது. கடைசியில் அதை வீழ்த்தியது மழை அல்ல, பணம். கம்பெனிக்கு நஷ்டம். பஸ்கள் பெருகிவிட்டன. 1953-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதியோடு டிராம் நின்றது. அதை நம்பி வாழ்ந்த தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள்.

தண்டவாளத்தின் மேல் தார் போட்டு மூடினார்கள். புகையில்லாத வண்டி போய், புகை விடும் வண்டி வந்தது. இப்போது மறுபடியும் புகையில்லாத வண்டியைத் தேடுகிறோம். வேடிக்கைதான்!

எலெக்ட்ரிக் ரெயில்

டிராம் போனாலும் மின்சார ரெயில் போகவில்லை.

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. தூரம் சுமார் 30 கிலோமீட்டர். அது சின்ன ரெயில் பாதை. மீட்டர் கேஜ் என்பார்கள்.

அந்த ரெயில் வந்த பிறகு என்ன நடந்தது? மாம்பலம், சைதாப்பேட்டை, குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் கிடுகிடுவென்று வளர்ந்தன. தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு கோட்டையில் வேலை பார்க்கலாம் என்ற நிலை வந்தது. சம்பளம் குறைவாக உள்ள குமாஸ்தாவும் சொந்தமாக ஒரு மனை வாங்க நினைத்தார்.

ஊர் வளர்ந்த பிறகு ரெயில் விடுவது ஒரு வழி. ரெயிலை விட்டு ஊரை வளர்ப்பது இன்னொரு வழி. 1931-ல் நடந்தது இரண்டாவது.

2004 ஜூலையில் அந்தச் சின்னப் பாதை ரெயில் விடைபெற்றது. அகலப் பாதை வந்துவிட்டது. ஆனாலும் சென்னையில் வயதானவர்கள் இன்றும் அதை ‘எலெக்ட்ரிக் டிரெயின்’ என்றுதான் சொல்கிறார்கள். இப்போது நாடு முழுவதும் பெரும்பாலான ரெயில்கள் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் அந்தப் பெயரைத் தாம்பரம் ரெயில் விட்டுக்கொடுக்கவில்லை!

இன்று சென்னையில் ஏறினால் கன்னியாகுமரி வரை மின்சாரத்திலேயே போகலாம். விதிவிலக்கும் உண்டு. ஊட்டி மலை ரெயிலில் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே நீராவி என்ஜின்தான். அது அப்படியே இருக்கட்டும். அந்த அழகைப் பார்க்க அல்லவா உலகமே வருகிறது?

மெட்ரோ ரெயில்

2015 ஜூன் 29-ந் தேதி, கோயம்பேடு - ஆலந்தூர் இடையே மெட்ரோ ரெயில் ஓடத் தொடங்கியது. இப்போது இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. மொத்தம் 118.9 கிலோமீட்டர். மூன்று வழித்தடங்கள். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய மந்திரிசபை இதற்கு ஒப்புதல் தந்தது.

கோவையும் மதுரையும் தங்களுக்கும் மெட்ரோ வேண்டும் என்றன. 2025 நவம்பரில் அந்தத் திட்டங்கள் திரும்பி வந்துவிட்டன. இருபது லட்சம் ஜனங்கள் உள்ள ஊருக்குத்தான் மெட்ரோ என்பது விதியாம். விதி சரியா, தவறா என்ற வாதம் நடக்கட்டும். அதுவரை கோவைக்காரரும் மதுரைக்காரரும் எதில் போவார்கள்?

பஸ்ஸில்தான்! எனவே பஸ்ஸைப் பற்றிப் பேசாமல் மின்சாரப் போக்குவரத்தைப் பற்றிப் பேச முடியாது. ரெயில் போகாத ஊர் ஏராளம். பஸ் போகாத ஊர் அபூர்வம்.

சத்திரச் சாப்பாடும் கட்டுச்சோறும்

ரெயிலும் பஸ்ஸும் மின்சாரத்தில் ஓடினாலும் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு.

ரெயிலுக்கு மேலே கம்பி போகிறது. அதில் 25 ஆயிரம் வோல்ட் மின்சாரம். என்ஜினின் தலையிலிருந்து ஒரு இரும்புச் சட்டம் கைபோல் நீண்டு அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டே போகும். ரெயிலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மின்சாரம் வழியெல்லாம் கிடைக்கும். வழிநெடுகச் சத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டு போவதுபோல!

பஸ்ஸுக்கு அப்படி இல்லை. அது கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்தக் கட்டுச்சோறுதான் பாட்டரி. தீர்ந்தால் நின்றுவிடும்.

சென்னையில் 2025 ஜூன் 30-ந் தேதி, வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. படி தாழ்வாக இருக்கும். முதியவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டியதில்லை. சக்கர நாற்காலியும் ஏறும். ஒரு முறை சார்ஜ் போட்டால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள்.

டவுன் பஸ்ஸுக்கு இது போதும். பெரம்பூருக்கும் பிராட்வேக்கும் போய்வரும் பஸ் ராத்திரி டெப்போவுக்குத் திரும்பிவிடும். சார்ஜ் போடலாம். ஆனால் சென்னையிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்? சுமார் 700 கிலோமீட்டர். நடுவழியில் இரண்டு மூன்று தடவை நிறுத்தி சார்ஜ் போட்டால், நடு ராத்திரியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பயணிகள் காத்திருக்க வேண்டுமா?

என் அபிப்பிராயம் இது. நெடுந்தூரத்தை ரெயிலுக்கு விடவேண்டும். டவுன் பஸ்களை முதலில் மாற்றவேண்டும். அடுத்தபடி, மதுரை - திண்டுக்கல், திருச்சி - தஞ்சாவூர் போன்ற பக்கத்து ஊர் பஸ்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுகிறேன் என்று கிளம்பினால் காரியம் கெடும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு பெரிய மின்சார பஸ் ஒரு கிலோமீட்டர் ஓட ஒன்று, ஒன்றேகால் யூனிட் மின்சாரம் தேவை. 1.2 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். டவுன் பஸ் ஒரு நாளில் 200 கிலோமீட்டர் ஓடினால் 240 யூனிட் ஆகும்.

நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அதற்குள் குடித்தனம் நடத்தும் வீடு, ஐந்து மாதம் எரிக்கும் மின்சாரத்தை ஒரு பஸ் ஒரே நாளில் சாப்பிட்டுவிடும்.

பயந்துவிடாதீர்கள்! அதே தூரத்துக்கு டீசல் பஸ் சுமார் 40 லிட்டர் டீசல் குடிக்கும். லிட்டர் 90 ரூபாய் என்றால் 3,600 ரூபாய். மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 1,920 ரூபாய்தான். பாதிக்குப் பாதி மிச்சம். ஆனால் மின்சார பஸ்ஸின் விலை டீசல் பஸ்ஸைவிட மிக அதிகம். அந்த மிச்சத்தைக்கொண்டு இந்த அதிக விலையை வருஷக்கணக்கில் ஈடுகட்ட வேண்டும்.

சரி, மாநிலம் முழுவதும் மாற்றினால்? தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களிடம் சுமார் 20 ஆயிரம் பஸ்கள் உள்ளன. வெளியூர் பஸ்கள் நாளுக்கு நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும். எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு கோடி யூனிட் என்று வைத்துக்கொள்வோம்.

கோடைக்காலத்தில் தமிழ்நாடு ஒரு நாளில் செலவழிக்கும் மின்சாரம் 40 கோடி யூனிட்டுக்கு மேல். அதில் நாற்பதில் ஒரு பங்குதான் பஸ்களுக்கு வேண்டும்! இவ்வளவுதானா என்று தோன்றுகிறது அல்லவா?

விஷயம் அங்கே இல்லை. எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் முக்கியம்.

ராத்திரி 9 மணிக்கு எல்லா பஸ்ஸும் டெப்போவுக்கு வந்து, ஒரே நேரத்தில் வேகமாக சார்ஜ் போட்டால் என்ன ஆகும்? ஒரு பஸ்ஸுக்கு 200 கிலோவாட் வீதம் 4,000 மெகாவாட் வேண்டும். 2024 மே 2-ந் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவே பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. அதில் ஐந்தில் ஒரு பங்கை பஸ்களே கேட்கும்! வீட்டில் மின்விசிறி நின்றுவிடும்.

அதே மின்சாரத்தைப் பத்து மணி நேரத்துக்குப் பரப்பிக் கொடுத்தால், 1,000 மெகாவாட் போதும். பஸ்ஸும் ஓடும், மின்விசிறியும் சுற்றும்.

ஆடிக் காற்றும் உச்சி வெயிலும்

நமக்கு ஒரு வசதி உண்டு. மே மாதம் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் தெரியும். ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள். அங்கே காற்றாடிகள் இரவு பகலாகச் சுற்றுகின்றன. ஊர் தூங்கும் நேரத்தில் வரும் அந்த மின்சாரத்தை டெப்போவில் நிற்கும் பஸ்ஸுக்குக் கொடுக்கலாம்.

காற்று இல்லாத மாதங்களில்? வெயில் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் வந்தது. மத்தியானம் 12 மணிக்குச் சூரிய மின்சாரம் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் பஸ்ஸில் கூட்டம் குறைவு. டிரைவர் சாப்பிடும் நேரம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டு நேரமாகட்டும்!

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. பஸ் இலாகாவும் மின்சார இலாகாவும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். பஸ் வந்த பிறகு டிரான்ஸ்பார்மருக்கு மனுப் போட்டால், புதுப் பெண்டாட்டி வந்த பிறகு வீடு தேடிய கதையாகிவிடும். நூறு பஸ் நிற்கும் ஒரு டெப்போவுக்கு ஒரு சின்ன ஊருக்கு வேண்டிய மின்சாரம் வேண்டும். சாதாரணத் தெருக்கம்பி அதைத் தாங்காது.

மறுபடியும் மழை

டிராமை நனைத்த மழை இன்னும் ஓயவில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தது. பல இடங்களில் நாட்கணக்கில் கரண்டு இல்லை.

அப்படிப்பட்ட நாளில்தான் பஸ் மிக அவசியம். பிரசவ வேதனையோடு இருக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பள்ளத்தில் குடியிருப்பவர்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். கரண்டு இல்லை, பஸ் வராது என்று கைவிரிக்க முடியுமா?

ஆகவே சார்ஜ் போடும் எந்திரங்களைத் தரையில் வைக்காமல் உயரமான மேடையில் வைக்கவேண்டும். ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் டீசல் பஸ்களை ஒதுக்கிவைக்க வேண்டும். எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடக் கூடாது.

டிக்கெட்டும் வேலையும்

காலையில் மீன் கூடையோடு, பூக்கூடையோடு பஸ் ஏறும் அம்மாளுக்கு வோல்ட் பற்றிக் கவலை இல்லை. அவள் கேட்பது ஒன்றுதான். “இதில் டிக்கெட் எவ்வளவு?”

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். மின்சார பஸ்களில் ஏ.சி. பஸ்ஸும் உண்டு, ஏ.சி. இல்லாததும் உண்டு. நாளை வருவதெல்லாம் ஏ.சி. பஸ்ஸாகவே வந்தால், அந்த அம்மாள் எதற்காகக் காத்து நிற்பாள்? எத்தனை ஏ.சி., எத்தனை சாதாரணம் என்பதைத் திட்டம் போடும்போதே எழுதி வைக்கவேண்டும்.

இன்னொரு கேள்வி டெப்போவுக்குள் எழுகிறது. வியாசர்பாடி பஸ்களை வாங்கியது போக்குவரத்துக் கழகம் அல்ல. ஒரு தனியார் கம்பெனி. பராமரிப்பு அதன் பொறுப்பு. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கிறது. டிக்கெட் காசு கழகத்துக்கு.

இதில் ஒரு நன்மை உண்டு. கழகத்திடம் மொத்தமாகப் பணம் இல்லாவிட்டாலும் புது பஸ் வந்துவிடும். பஸ் கெட்டு நின்றால் நஷ்டம் கம்பெனிக்கு. ஆனால் இருபது வருஷமாக டீசல் என்ஜினைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக் கேட்கிறார்: “என் கைவேலைக்கு இனி என்ன மதிப்பு?” தொழிற்சங்கங்கள் கேட்கின்றன: “நாளை டிரைவர் வேலை சர்க்கார் வேலையாக இருக்குமா?”

நியாயமான கேள்விகள். அந்த மெக்கானிக்குக்குப் பாட்டரியும் மோட்டாரும் பழக்கிக் கொடுக்கப் பணம் ஒதுக்கவேண்டும். பஸ் வாங்கும் பட்டியலிலேயே அந்தச் செலவும் இடம்பெற வேண்டும். டிராம் நின்ற அன்று இப்படி யோசிக்க அவகாசம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

இன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் கம்பெனி ஆள். தோளில் பையோடு டிக்கெட் கொடுப்பவர் கழகத்து ஆள். இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே பாதையில்தான் போகிறார்கள். சம்பளம் மட்டும் வேறு வேறு இடத்தில்.