பழைய மொரிஸும் புதிய பென்ஸும்



கல்யாண வீட்டு வாசலில் பழைய மொரிஸ் மைனர் காரும் பளபளக்கும் புதிய பென்ஸ் காரும் அருகருகே நின்றால் நம் கண் பென்ஸின் மேல்தான் போகும். வீட்டுப் பெரியவர்களோ மொரிஸைத் தட்டிப் பார்த்து, "அந்தக் காலத்து இரும்புக்கு இது ஈடாகுமா?" என்பார்கள். இதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போமா?

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 16 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் தயாராகின. இதில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. நல்ல கராஜ்காரர் ஒருவர் சாதாரண ஆயுதங்களைக் கொண்டே திருத்திவிடுவார். 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது இந்த வசதியின் அருமை நமக்குப் புரிந்தது. பென்ஸில் கோளாறைக் கண்டுபிடிக்கவே கம்ப்யூட்டர் வேண்டும். செலவைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால், பழைய இரும்பு உயிரைக் காக்குமா? 2009இல் அமெரிக்காவில் 1959ஆம் ஆண்டின் பெரிய செவர்லே கார் ஒன்றையும் 2009ஆம் ஆண்டுக் கார் ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டுச் சோதித்தார்கள். பழைய காரில் ஆட்கள் இருக்கும் பகுதியே நசுங்கிப்போனது. புதியதில் முன்பகுதி மட்டும் நசுங்கி அடியைத் தாங்கிக்கொண்டது. உட்பகுதி நிலைத்து நின்றது. போதாததற்கு, திருகோணமலைத் துறைமுகத்தின் உப்புக் காற்று பழைய காரின் அடித்தகட்டை மெல்ல மெல்லத் தின்றுவிடும். மேலே பூசிய பெயின்ட் அதை மறைத்துவிடும்.

அப்படியானால் பென்ஸ் வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. அதன் தோல் ஆசனமா உயிரைக் காக்கிறது? மும்முனை ஆசனப் பட்டியை 1959இல் வொல்வோ நிறுவனம் அறிமுகப்படுத்தி, மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. இன்று சாதாரணக் காரிலும் அது இருக்கிறது. நாம்தான் அதைப் போடுவதில்லை!

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின், முன்பு படகுப் பாதைக்குக் காத்திருந்த பயணம் விரைவாகிவிட்டது. "பக்கத்திலேதானே" என்று பிள்ளையை மடியில் வைத்து முன் ஆசனத்தில் அமர்கிறோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் கார் மோதினால் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த நூற்றுக்கணக்கான கிலோ பாரத்தைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் இல்லை. முன்னால் விரியும் காற்றுப் பையும் குழந்தைக்கு ஆபத்தானது.

ஆகவே சகோதரிகளே, பிள்ளையைப் பின் ஆசனத்தில், வயதுக்கேற்ற குழந்தை இருக்கையில் அமர்த்துங்கள். நீங்களும் பட்டியைப் போடுங்கள். பழைய காராயின் அடித்தகட்டைச் சோதித்து, துருப்பிடிக்காத உறுதியான இடத்தில் பட்டி பொருத்தச் சொல்லுங்கள். கார் எதுவானாலும், எல்லோரும் பட்டி போட்ட பிறகே புறப்படுங்கள்.