பருத்திக்கொட்டையின் நஞ்சு நீங்கினால்

மகாராஜபுரம், வத்திராயிருப்பு பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குப் பருத்திக்கொட்டையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவில் ஊறப்போட்டு, காலையில் ஆட்டித் தண்ணீரில் கலந்து வைத்தால் மாடு ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். பாலும் கெட்டியாக இறங்கும். இந்த வட்டாரத்துப் பால் சுண்டித்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகிறது.

அந்தக் கொட்டையில் சுமார் 23 சதவீதம் புரதம் இருக்கிறது. அரிசியில் 7 சதவீத அளவுதான். அப்படியானால் மனிதர் ஏன் அதை நேரடியாக உண்பதில்லை?

காசிபால் என்ற நஞ்சுதான் காரணம். பருத்திச் செடி பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இலை, தண்டு, விதை எல்லாவற்றிலும் சிறு சுரப்பிகளில் இதைச் சேர்த்து வைக்கிறது. அசைபோடும் மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் இந்த நஞ்சை முடக்கிவிடும். கோழிக்கும் பன்றிக்கும் மனிதருக்கும் அந்த வசதி இல்லை. சீனக் கிராமங்களில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்து உண்ட குடும்பங்களில் குழந்தைப் பிறப்பு நின்றுபோனதை வைத்தே, 1970-களில் காசிபாலை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகச் சோதித்தார்கள். சிலருக்கு மலட்டுத்தன்மை நிரந்தரமாகிவிட்டதால் அது கைவிடப்பட்டது.

மதுரைத் தெருக்களில் விற்கும் பருத்திப்பாலைக் குடிப்பவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். கொட்டையை ஊறவைத்துப் பால் பிழிந்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்து நன்றாகக் காய்ச்சுகிறார்கள். ஈரச்சூட்டில் காசிபால் புரதத்தோடு பிணைந்து வீரியம் குறையும். ஆனால் எப்போதாவது குடிக்கும் ஒரு குவளை வேறு, மூன்று வேளைச் சாப்பாடு வேறு.

நஞ்சில்லாத பருத்தியை உருவாக்கும் முயற்சி புதிதல்ல. 1950-களிலேயே அமெரிக்காவில் சுரப்பியற்ற பருத்தி கண்டறியப்பட்டது. வயலில் இறக்கியதும் பூச்சிகள் அதைத் தின்று தீர்த்தன. கொட்டையில் நஞ்சு இருக்கக் கூடாது, இலையில் இருந்தே ஆக வேண்டும். பழைய ஒட்டுமுறையால் அவிழ்க்க முடியாத முடிச்சு இது.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கீர்த்தி ரத்தோர் குழு அதை அவிழ்த்தது. காசிபால் உருவாகத் தேவையான மரபணுவை, ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறையில், விதைக்குள் மட்டும் வாயடைக்கச் செய்தார்கள். இலையும் தண்டும் வழக்கம்போல் நஞ்சோடு காவல் நிற்கின்றன. 2006-இல் ஆய்வு முடிவு வெளியானது. 2018-இல் பயிரிடவும், 2019-இல் உணவாகப் பயன்படுத்தவும் அமெரிக்க அரசு அமைப்புகள் வழிவிட்டன.

ஒரு கிலோ பஞ்சு கிடைக்கும் செடியில் ஏறத்தாழ 1.6 கிலோ கொட்டையும் கிடைக்கிறது. உலகில் ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் கொட்டை விளைகிறது. அதிலுள்ள புரதம் சுமார் 50 கோடிப் பேரின் அன்றாடப் புரதத் தேவைக்குப் போதும். 2024-இல் உலகில் பசியோடு இருந்தவர்கள் சுமார் 67 கோடிப் பேர் என்கிறது ஐ.நா. பருத்தி விளையும் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளிலேயே அவர்களில் மிகப் பலர் வாழ்கிறார்கள். இதற்குக் கூடுதலாக ஒரு சென்ட் நிலமும் வேண்டாம். மரபணு மாற்றம் பசியைப் போக்குமா என்ற நெடிய வாதத்தில், இதைவிடத் தெளிவான வாய்ப்பு வேறில்லை.

இந்தியாவில் வணிகரீதியாகப் பயிராகும் ஒரே மரபணு மாற்றப் பயிரும் பருத்திதான். 2002-இல் வந்த பி.டி. பருத்தி காய்ப்புழுவைத் தடுத்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிக்கொண்டது. விதையோ பெரும்பாலும் வீரிய ஒட்டாகவே விற்கப்பட்டதால் ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. பி.டி. கத்தரிக்கு 2010-இல் தடை விழுந்ததற்குப் பின்னாலும் மக்களின் நியாயமான சந்தேகங்கள் இருந்தன.

விதைக்கு ஆண்டுதோறும் கையேந்தவைத்ததும், சந்தேகங்களைத் தீர்க்காமல் விட்டதுமான தவறுகள் மறுபடி நேரக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உழவர் தானே விதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய எஸ்.வி.பி.ஆர். இரகங்களைத் தந்த நிலையம் அது. நஞ்சு நீங்கிய கொட்டை நம் மண்ணுக்கு வருமானால், சுதந்திரமான உணவுப் பாதுகாப்புச் சோதனைகளைக் கடந்து, இத்தகைய அரசு நிலையங்களின் இரகங்களாகவே வர வேண்டும். அதற்கான ஆய்வை அரசு இப்போதே தொடங்கட்டும்.